மூச்சடங்கியோர்க்கு முதலுதவி

கோட்டாற்றுக் கம்போளத்தின் வழியே முற்பகலிற் சென்றோர், அரிசி மூடைகளும் பருப்பு மூடைகளும் இறக்கும் லாரிகளுக்கிடையே வழி கண்டு நடப்பதன் அருமையை நன்கறிவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அவ்வீதியில் மூடை சுமந்து வந்த ஒருவர், சுமையை இறக்கிவிட்டுக் கடைத்திண்ணையின்மேற் கையூன்றியவாறே சரிந்து வீழ்ந்ததை யாம் கண்ணெதிரே கண்டோம். வயது ஐம்பதிருக்கலாம். நொடிப்பொழுதிற் கூட்டம் கூடிற்று. ஒருவர் சோடா கொணர்ந்து முகத்திற் பீச்சினார். ஒருவர் செய்தித்தாளை மடித்து விசிறினார். காக்காய் வலிப்பென்று எண்ணிய மற்றொருவர் சாவிக்கொத்தைக் கையிற் றிணித்தார். யாமோ வெயில் படாதவாறு குடை பிடித்து நின்றோம். வீழ்ந்தவர் வாயைத் திறந்து, நெடிய இடைவெளி விட்டு, ஓரிரு முறை பெருமூச்செறிந்தார். “மூச்சு இருக்கிறது, அஞ்ச வேண்டா” என்றார் அங்கிருந்த முதியவர் ஒருவர். அதனை யாவரும் நம்பினோம். பத்து நிமிஷங்கட்குப் பின்னரே ஓர் ஆட்டோவில் அவரை ஏற்றினர். மருத்துவமனையிற் சேர்த்தபோது உயிர் பிரிந்து நேரமாயிற்று என்றனர்.

எமக்கு அறிமுகமான மருத்துவர் ஒருவரிடம் பின்னர் இதனைக் கூறியபோது, “நீங்கள் மூச்சென்று கருதியது மூச்சன்று” என்றார் அவர். நம் முன்னோர் ஊர்த்துவசுவாசம் என்று பெயரிட்டு வழங்கியது அதுவே. இருதயம் நின்றபின்னும் மூளையின் அடிப்பகுதி சிறிது நேரம் ஏவுவதால் எழும் வெற்றுத் திணறல் அஃது. அதனாற் போதிய காற்று உட்செல்வதில்லை, குருதியும் ஓடுவதில்லை. அந்தப் பத்து நிமிஷங்களில் யாரேனும் ஒருவர் முழந்தாளிட்டு அவர் மார்பை அழுத்தியிருப்பின், அவர் பிழைத்திருத்தல் கூடும். பிழையாதிருத்தலும் கூடும். ஆனால் ஒன்றும் செய்யாது நின்ற எம் கூட்டத்திற்கு அச்சொல் ஆறுதலாகாது. அன்று கற்காததைப் பின்பு கற்றோம். கற்றதை இங்கு எழுதுகின்றோம்.

ஆங்கிலத்தில் இம்முறையை மூன்றெழுத்துக்களாற் சுருக்கிச் சி.பி.ஆர். என்பர். இருதயத்தையும் நுரையீரலையும் மீண்டும் இயக்க முயலும் முறை என்பது அதன் பொருள். முதற்கண் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். மாரடைப்பு என்பது வேறு. இருதயம் நின்றுபோதல் என்பது வேறு. மாரடைப்பில் இருதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயொன்று அடைபடுகின்றது. அந்நோயாளி பெரும்பாலும் நினைவோடிருப்பார். மார்பு வலி, வியர்வை, இடக்கை நோவு என்பவற்றைத் தாமே சொல்லுவார். அவர் மார்பை அழுத்துதல் தகாது. விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலே தக்கது. ஆயின் மாரடைப்புற்ற இருதயம் சிற்சில வேளைகளில் ஒழுங்கிழந்து, துடிப்பதை விடுத்து, காற்றிலாடும் இலைபோல வெறுமனே நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இருதயம் குருதியைத் தள்ளாது. அக்கணமே நாடி இல்லை. சில நொடிகளில் நினைவும் இல்லை. இதுவே இருதய நிறுத்தம்.

அதன்பின் மூளை எவ்வளவு நேரம் தாங்கும்? நான்கு முதல் ஆறு நிமிஷங்களில் அது கேடுறத் தொடங்கும் என்பது மருத்துவர் கண்ட அளவு. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும், பிழைப்பதற்குள்ள வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைந்துகொண்டே போகும். கோட்டாற்றிலிருந்து ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சில மைல்களே. எனினும், சவேரியார் திருவிழாக் காலத்திலோ சந்தை வேளையிலோ அச்சில மைல்களைக் கடக்க எத்துணை நேரமாகும் என்பதை இவ்வூரார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் 108 ஊர்தி விரைந்து வருவதேயாயினும், அழைத்த மறு நிமிஷத்தில் வந்து நிற்றல் எவ்வூரிலும் இயலாது. இடைப்பட்ட அந்த நேரத்திற்கு உரியவர் அருகில் நிற்பவரே.

மார்பை அழுத்துவதாற் பயன் யாது? இருதயம் மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் அமைந்துளது. முன்னெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்போது இருதயம் நெருக்குண்டு, அதனுளிருக்கும் குருதி வெளியேறும். கையைத் தளர்த்தும்போது மார்பு விரிந்து குருதி மீண்டும் நிறையும். இவ்வாறு நாம் ஓட்டும் குருதி, இயல்பாக ஓடுவதில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தான். அதுவும் மூளையை அழியாது காக்கப் போதுமானது. திடீரென வீழ்ந்தவரது குருதியிற் சில நிமிஷங்கட்கு வேண்டிய பிராணவாயு முன்னரே கலந்திருத்தலின், அதனை ஓடச் செய்தலே முதற் கடமை. தெருவோரத்து அடிகுழாயை நேயர்கள் நினைவிற்கொள்க. சில முறை அடித்த பின்னரே நீர் மேலேறும், நிறுத்தினால் இறங்கிவிடும், மறுபடியும் முதலிலிருந்து அடித்தல் வேண்டும். மார்பை அழுத்துவோர் இடையிடையே நிறுத்தி, “மூச்சு வந்ததா?” என்று பார்த்துக்கொண்டிருத்தல் ஏன் தவறென்பது இதனால் விளங்கும்.

இனிச் செய்முறை. ஒருவர் வீழ்ந்து கிடக்கக் காணின், முதலில் அவ்விடம் நமக்கு அபாயமற்றதா என்று நோக்குதல் வேண்டும். நம் நாஞ்சில் நாட்டில் இரும்புத் துறட்டியால் தேங்காய் பறிக்கையில் மின்கம்பியில் அது தட்டி வீழ்ந்தவரைத் தொட்டவரும் உடன் வீழ்ந்த கதைகள் பல கேட்டிருக்கின்றோம். மின்சாரத்தை நிறுத்தாது அத்தகையவரைத் தொடலாகாது. பின்னர் இரு தோள்களையும் தட்டி உரக்க அழைக்க வேண்டும். விடையில்லையேல், மார்பும் வயிறும் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று பத்து நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். நாடி பிடித்துப் பார்த்தல் வேண்டா. பழகாதவர் விரலுக்குத் தன் நாடியே பிறர் நாடியாகத் தோன்றும்; நேரமும் வீணாம். அழைத்தும் விழியாதவர், மூச்சில்லாதவராகவோ மேற்சொன்னவாறு திணறுபவராகவோ இருப்பின், இருதயம் நின்றதென்றே கொள்ளல் வேண்டும். ஐயமிருப்பினும் அவ்வாறே கொள்க. துடிக்கும் இருதயமுடையவரைச் சில முறை அழுத்திவிட்டால் வரும் கேடு சிறிது. நின்ற இருதயத்தை அழுத்தாது விட்டால் வரும் கேட்டிற்கு எல்லை இல்லை.

கூட்டத்தில் “யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் கூப்பிடார். ஒருவரைச் சுட்டி, “நீலச் சட்டை அணிந்த தம்பி, 108-ஐ அழையும், அழைத்துவிட்டு என்னிடம் வந்து சொல்லும்” என்றல் வேண்டும். தனித்திருப்பின், கைபேசியின் ஒலியைப் பெருக்கித் தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே தொடங்கலாம்.

வீழ்ந்தவரைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்துக. இருதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்வதாதலின், கட்டிலிலும் மெத்தையிலும் கிடப்போரே மிகுதி. மெத்தைமேல் அழுத்தினால் மெத்தையே அமிழும், மார்பு அமிழாது. ஆகையால் தரைக்கு இறக்குதல் வேண்டும். அவர் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஒரு கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுதல் வேண்டும். இருதயம் இடப்புறத்திலுள்ளதென்று எண்ணி இடமார்பை அழுத்துவோர் உளர், அது பிழை. முழங்கை மடங்கலாகாது. நம் தோள்கள் நம் கைகளுக்கு நேர் மேலே இருத்தல் வேண்டும். புயத்தின் வலிமையால் அன்று, உடலின் பாரத்தாலேயே அழுத்தல் வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஆறுக்கு மிகாமலும், அஃதாவது இரண்டங்குலத்திற்குச் சற்று மேலாக, மார்பு அமிழ வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முற்றும் எழுந்து நிற்க இடங்கொடுத்தல் வேண்டும். பலர் களைத்தபின் மார்பின்மேற் சாய்ந்துகொள்வர். அப்போது இருதயம் நிறைவதில்லை.

விரைவு நிமிஷத்திற்கு 100 முதல் 120. எண்ணிக்கொண்டே அழுத்துவது நன்று. ஆனால் இங்கே தமிழர்க்கு ஓர் இடையூறு உண்டு. பத்து வரை நம் எண்ணுப்பெயர்கள் குறுகியவை. பதினொன்று தொடங்கி நீள்வன. “இருபத்தெட்டு, இருபத்தொன்பது” என்று நாவாற் சொல்லி முடிப்பதற்குள் கை தாழ்ந்துவிடும். யாம் பழகியபோது இதனை அனுபவித்தறிந்தோம். ஒன்று முதல் பத்து வரை மும்முறை எண்ணினால் முப்பதாயிற்று, கையும் தளர்வதில்லை.

முப்பது முறை அழுத்தியபின் இருமுறை வாயோடு வாய் வைத்துக் காற்றூதுவது பயிற்சி பெற்றோர் முறை. தலையைச் சற்றே பின் சாய்த்து, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும் அளவிற்கு ஒரு நொடி ஊதுதல் வேண்டும். பயிலாதவர், அல்லது அறியாதார் வாயில் வாய்வைக்கத் தயங்குவோர், ஊதுதலை விட்டு அழுத்துதலையே இடைவிடாது செய்க. இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தார் 2017-ல் வெளியிட்ட நெறிமுறையும் பொதுமக்களுக்கு அழுத்துதல் ஒன்றையே விதித்துளது. நம் மக்களின் கூச்சத்தை நோக்க, இது தக்க விதியென்றே யாம் கருதுகின்றோம். இவ்வேலை வன்மையானது, இரண்டு நிமிஷத்திற்கொருமுறை ஆள் மாறுதல் வேண்டும். மாறுவதில் சில நொடிகளே செல்லலாம்.

அழுத்துகையில் விலாவெலும்பு நொறுங்கும் ஒலி கேட்டலும் உண்டு. முதியவரிடத்து அது மிகுதி. அதற்கு அஞ்சி நிறுத்தலாகாது. ஒடிந்த எலும்பு பொருந்தும். வீழ்ந்தவர் பெண்ணாயின் ஆடவர் கை வைக்கக் கூசி நிற்பர். பொதுவிடத்தில் வீழும் பெண்டிர்க்கு இவ்வுதவி ஆடவர்க்குக் கிடைப்பதினும் குறைவாகவே கிடைக்கின்றதென்று மேனாடுகளிலும் கண்டுளர். ஆதலின் இக்குறை நமக்கே உரியதன்று. சேலையைக் களைய வேண்டுவதில்லை. கை வைக்குமிடம் மார்பெலும்பே. சுற்றி நிற்கும் பெண்மக்கள் இதனைக் கற்றிருப்பின் தயக்கத்திற்கே இடமில்லை.

நீதிமன்றத்திற்கு அலைய நேருமோ என்னும் அச்சம் வேறு. சாலை விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிகளுக்கு உச்சநீதிமன்றம் 2016-ல் சட்டத்தின் வன்மையை அளித்தது. 2019-ல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் அமைந்த விதிகளும், விபத்துற்றோர்க்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது வழக்கில்லை என்றும், அவர் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்றும் வகுத்துள்ளன.

இம்முறை மிகப் பழைமையானதன்று. நீரில் மூழ்கியோரைக் காக்க ஆம்ஸ்டர்டாம் நகரில் 1767-ல் ஒரு சங்கம் தோன்றிற்று; லண்டனில் 1774-ல் மற்றொன்று. பின்னர், கைகளைத் தூக்கித் தாழ்த்துதல், குப்புறக் கிடத்தி முதுகை அழுத்துதல் முதலிய முறைகள் வழங்கின. சாரணர் இயக்கத்திற் பயின்ற நம் முதியோர் சிலர் குப்புறக் கிடத்தும் முறையை இன்றும் நினைவு கூர்வர். அது கைவிடப்பட்டுப் பல்லாண்டாயிற்று. அமெரிக்க நாட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில், கௌவன்ஹோவன் என்னும் மின்பொறி அறிஞரும் அவருடனிருந்த நிக்கர்பாக்கர், ஜூட் என்பாரும் நாய்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது, மின்னதிர்ச்சிக் கருவியின் கனத்த தகடுகளை மார்பில் அழுத்திய மாத்திரத்திலேயே குருதியழுத்தம் உயர்வதைக் கண்டனர். அதனின்று பிறந்ததே மார்பழுத்து முறை. 1960-ல் அவர்கள் அதனை உலகிற்கு அறிவித்தனர். அதற்குமுன் நின்ற இருதயத்தை இயக்க வேண்டின் நெஞ்சைக் கீறித் திறந்து கையாற் பிசைதலே வழி. அறுவைக் கூடத்திற்குள் அடங்கியிருந்த ஒன்று தெருவிற்கு வந்தது இவ்வாறே.

மார்பை அழுத்தி உயிர் மீட்ட செய்தி ஒன்று நம் மாவட்டத்தோடும் தொடர்புடையது. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராயிருந்த சாமர்வெல், 1924-ல் எவரெஸ்ட் சிகரமேறச் சென்ற கூட்டத்தில் ஒருவர். ஏறக்குறைய 28,000 அடி உயரம் எய்தித் தம் தோழர் நார்ட்டனுக்குப் பின்னே இறங்கி வருகையில், கடுங்குளிராற் புண்பட்டிருந்த அவர் தொண்டையின் உட்சவ்வு கழன்று மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற தோழரைக் கூவியழைக்கக் குரலில்லை. பனியில் அமர்ந்து இறுதியை எதிர்நோக்கியவர், தம் இரு கைகளாலும் தம் மார்பை வன்மையுற அழுத்தினார். அடைப்பு வாய்வழியே வெளிப்பட்டது; மூச்சு மீண்டது. அதன்பின் பல்லாண்டு நெய்யூரில் அவர் ஆற்றிய தொண்டைத் தம் பாட்டனார் சொல்லக் கேட்டோர் இங்குப் பலர். இது இருதயம் நின்ற செய்தியன்று. அடைபட்ட மூச்சுக்குழலைத் திறந்த செய்தி. எனினும் மார்பின்மேற் படும் ஓர் அழுத்தத்திற்கு எத்துணை ஆற்றலுண்டு என்பதற்கு இதனினும் அணித்தான சான்று எமக்குத் தெரியாது. உணவு தொண்டையில் அடைத்து, இருமவும் இயலாது திணறுவோர்க்கு, தோள்பட்டைகளின் நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டுதலும், அதனால் நீங்காதாயின் பின்னின்று கட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுத்தலும் மாறி மாறிச் செய்க. அவர் நினைவிழந்து சாய்ந்தால் மார்பழுத்துதலைத் தொடங்குக.

நீரில் மூழ்கியோரைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும், என்னை? நம் நாடு குளங்களின் நாடு. தெற்கும் மேற்கும் கடல். வழுக்கும் படித்துறையிலிருந்து ஆழத்திற் சென்ற சிறுவரைப் பற்றிய செய்தி வாராத கோடை விடுமுறை அரிது. அவர்களைக் கரையேற்றியதும் நம்மவர் செய்வன இரண்டு: கால்களைப் பற்றித் தலைகீழாகச் சுழற்றுதல், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுதல். இரண்டும் கேடு. வயிற்றினின்று வெளிவரும் நீரும் சோறும் மீண்டும் நுரையீரலுக்குட் புகும். பொன்னான நிமிஷங்களும் கழியும். நீரில் மூழ்கி இறந்தவரை உப்பிற் புதைத்து வைத்தால் உயிர் மீளும் என்று கைபேசி வழியே பரவும் பொய்யும் ஒன்றுண்டு. மகனை இழந்த பெற்றோர் அதனை நம்பி மணிக்கணக்காக உப்பின் முன் காத்திருத்தலை எண்ணினால் நெஞ்சு பொறுப்பதில்லை.

மூழ்கியவரிடத்துக் குறைந்துள்ளது காற்று. காற்றின்மையாலேயே அவர் இருதயம் நின்றது. ஆதலின் இங்கு வரிசை மாறும். முதலில் வாய்வழியே காற்றூதுதல் வேண்டும். இருமுறை என்பது ஒரு சாரார் விதி; ஐந்து முறை என்பது ஐரோப்பியர் விதி. எதுவாயினும் ஊதித் தொடங்கி, பின் முப்பது அழுத்தமும் இரண்டு மூச்சுமாகத் தொடர்க. ஊதுதலை அறியாதார், ஒன்றும் செய்யாதிருத்தலைவிட அழுத்துதலையேனும் செய்க. நீந்தத் தெரியாதார் காப்பாற்றக் குதித்தலும் தகாது. கழியோ கயிறோ வேட்டியோ வீசுக.

பிள்ளைகளுக்கும் காற்று இன்றியமையாதது. அழுத்தும் ஆழம் மார்புக் கனத்தில் மூன்றிலொரு பங்கு. ஓராண்டிற்குட்பட்ட மகவாயின், இரு கைகளாலும் மார்பைச் சூழப் பற்றி இரு பெருவிரல்களால் நடுவெலும்பை ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் அமிழ அழுத்துவர். அல்லது ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்துவர். சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஒரு கையே போதியதாகலாம். மகவின் வாயையும் மூக்கையும் சேர்த்தே நம் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் மெல்ல ஊதுதல் வேண்டும்.

திரைப்படங்களில் நான்கு முறை அழுத்தினதும் கதாநாயகன் கண் விழித்து வசனம் பேசுகின்றான். உண்மை அவ்வாறன்று. மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்றோரில், வசதி மிக்க நாடுகளிலும் பத்தில் ஒருவர் பிழைத்தால் மிகுதி. ஆயினும் அருகிலிருப்போர் உடனே அழுத்தத் தொடங்கினால் அவ்வாய்ப்பு இருமடங்காகவோ மும்மடங்காகவோ உயர்கின்றது. டென்மார்க் நாட்டார் 2005-ல் பள்ளிகளில் இதனைக் கட்டாய பாடமாக்கினர். அந்நாட்டில் 2001-ல் வீழ்ந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கே அருகிலிருந்தோர் உதவி கிட்டிற்று. 2010-ல் 45 பேருக்குக் கிட்டிற்று. முப்பது நாள் கடந்தும் உயிருடனிருந்தோர் அவ்விடைவெளியில் நூற்றுக்கு மூன்றரையிலிருந்து ஏறத்தாழ பதினொன்றாயினர். வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். எனினும் நம் கல்லூரிகளில் ஒரு பிற்பகலேனும் இதற்கென ஒதுக்குதல் பெருஞ்செலவன்று என்பது எம் கருத்து. பதுமை இல்லாதவிடத்து யாம் அரை மூடை அரிசியின்மேற் பழகினோம். கை வலி இரண்டு நாள் இருந்தது.

நடுங்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் ஒழுங்குபடுத்தும் கருவிகள் விமான நிலையம் முதலிய இடங்களில் சுவரில் மாட்டப்பட்டிருத்தல் உண்டு. அருகில் இருப்பின் ஒருவரை அனுப்பிக் கொணர்க. திறந்ததும் அதுவே வாய்விட்டுச் சொல்லும், சொன்னபடி செய்தால் போதும். வேண்டாதவர்க்கு அது அதிர்ச்சி தருவதில்லை. நம் கடைவீதிகளில் இன்னும் அதனைக் காண்டல் அரிது. ஆகவே கைகளையே நம்புதல் வேண்டும்.

நினைவற்றவர் வாயில் நீரோ சோடாவோ ஊற்றலாகாது. மூச்சு ஒழுங்காயிருந்து நினைவு மட்டும் இல்லாதவரைப் பக்கவாட்டிற் புரட்டிக் கிடத்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். அழுத்தத் தொடங்கியவர் எப்போது நிறுத்தலாம் எனின், அவர் அசைந்து ஒழுங்காக மூச்சு விடும்போது, அல்லது மருத்துவ ஊழியர் வந்து ஏற்கும்போது, அல்லது மாற்றுவார் இன்றித் தம் வலிமை முற்றும் ஒழிந்தபோது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுதல் அழுத்துதலை நிறுத்துவதேயாகும்; அச்சிறு இடத்தில் அழுத்த இயலாது.

ஊர்தி வந்து நின்றபின்னும், அதிலுள்ளோர் சொல்லும்வரை கையை எடுத்தலாகாது. அவர்களிடம் சொல்ல வேண்டியவை சில: எத்துணை மணிக்கு வீழ்ந்தார், வீழ்ந்ததை யாரேனும் கண்டனரா, எப்போது அழுத்தத் தொடங்கினோம், வீழுமுன் மார்பு வலியென்று சொன்னாரா, நீரிழிவோ வேறு நோயோ உண்டென்று அறிந்தவர் அங்குளரா. கம்போளத்தில் அன்று வீழ்ந்தவரைப் பற்றி மருத்துவர் வினவியபோது, இவற்றுள் ஒன்றுக்கேனும் எம்முள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.